மூன்று கிண்ணங்கள், நான்கு விருந்தினர்



‘தேயிலை’, ‘தேநீர்’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். அச்சொற்களின் முன்னே நிற்கும் ‘தே’ தமிழன்று. சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியான் மாநிலத்திலும் அதையடுத்த சாவோஜோ வட்டாரத்திலும் வழங்கும் மின்னான் மொழியில் தேயிலைக்கு அதுதான் பெயர். அக்கரையிலிருந்து கப்பலேறிய இலை, சென்ற இடமெல்லாம் ‘தே’ என்றும் ‘டீ’ என்றும் ஆயிற்று. தரைவழியே சென்ற இலை ‘சா’ என்றும் ‘சாய்’ என்றும், அரபியரிடம் ‘ஷாய்’ என்றும் ஆயிற்று. இலையோடு பெயரும் நம்மிடம் வந்து சேர்ந்தது. அந்த இலையைச் சுற்றி அம்மக்கள் பேணிவரும் ஓர் ஒழுங்கு மட்டும் அக்கரையிலேயே நின்றுவிட்டது. அவ்வொழுங்கின் பாத்திரங்கள் நமக்குத் தேவையில்லை. அதன் உட்பொருள் நம் வீடுகளுக்குத் தேவை. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது அதுவே.

சாவோஜோ, குவாங்டொங் மாநிலத்தின் கிழக்கு முனையில் உள்ளது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நம் உறவினர்கள் ‘தியோச்சியூ’ என்று அறிந்திருக்கும் சீனர்களின் பூர்வீகம் இதுவே. இங்குள்ள மக்கள் தேநீர் காய்ச்சும் முறைக்குக் ‘குங்ஃபூ தேநீர்’ என்று பெயர். குங்ஃபூ என்றதும் நம் பிள்ளைகளுக்குத் திரைப்படச் சண்டைகள் நினைவுக்கு வரும். ஆனால் அச்சொல், ஒரு செயலில் பொறுமையோடு செலவிடப்படும் காலத்தையும் உழைப்பையும், அவற்றால் கைவரும் தேர்ச்சியையும் குறிப்பது. இந்தத் தேநீர் முறை 2008ஆம் ஆண்டு சீன நாட்டின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2022 நவம்பரில் மொராக்கோவின் ரபாத் நகரில் கூடிய யுனெஸ்கோ குழு, சீனாவின் தேயிலை பதப்படுத்தும் நுட்பங்களை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றபோது, அவற்றைச் சார்ந்த சமூக வழக்கங்களையும் சேர்த்தே ஏற்றது. இலை மட்டுமன்று, இலையைச் சுற்றி மனிதர்கள் அமரும் விதமும் காக்கப்பட வேண்டிய செல்வம் என்பது இதன் கருத்து.

அம்முறையைச் சுருக்கமாகக் காண்போம். ஏறத்தாழ 100 மில்லி கொள்ளும் சிறிய மண் கூசா, அல்லது மூடியுள்ள கிண்ணம் ஒன்று. அருகிலுள்ள ஃபீனிக்ஸ் மலையில் விளையும் இலை அதன் பெரும்பகுதியை நிறைக்கும்படி இடப்படும். பழைய வழக்கப்படி சிவந்த மண் அடுப்பில், ஒலிவக் கொட்டைக் கரியில் நீர் கொதிக்கும். இன்று பெரும்பாலான வீடுகளில் மின்கெண்டி அவ்வேலையைச் செய்கிறது. எந்த அடுப்பானாலும் அது இருக்குமிடம் சமையலறையன்று. விருந்தினரின் கண்முன்னே, வீட்டுக்காரரின் கையெட்டும் தொலைவில் நீர் கொதிக்கிறது. கிண்ணங்கள் கொதிநீரில் அலசப்படுகின்றன. இலைமீது ஊற்றும் முதல் நீர் கொட்டப்படுகிறது. அடுத்த நீர் சில நொடிகளே ஊறி, கிண்ணங்களில் இறங்குகிறது. ஒரு கிண்ணம் கொள்வது இரண்டு மூன்று மிடறுதான். அதே இலையில் மீண்டும் மீண்டும் நீர் ஊற்றப்படும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுவை. கடையிலும் பட்டறையிலும் வீட்டு வாசலிலும் இந்தத் தட்டு இருக்கும். யார் வந்தாலும் முதற்சொல் ‘தேநீர் உண்ணுங்கள்’ என்பதே. அவர்கள் பேச்சில் தேநீர் குடிப்பதன்று, உண்பது. இலையைக்கூட அவர்கள் ‘தே அரிசி’ என்றே அழைக்கிறார்கள்.

இனி நாம் கவனிக்க வேண்டிய இடத்திற்கு வருவோம். அந்தத் தட்டில் இருக்கும் கிண்ணங்கள் மூன்று. வந்தவர் இருவராயினும் மூன்று, ஐவராயினும் மூன்று. ‘தரம்’, ‘சுவைத்தல்’ என்னும் பொருள்களையுடைய சீன எழுத்து ஒன்று உண்டு. அது ‘வாய்’ என்னும் எழுத்தை மும்முறை அடுக்கி எழுதப்படுவது. மூன்று கிண்ணங்களையும் அவ்வெழுத்தின் வடிவிலேயே வைக்கிறார்கள்.

நான்கு பேர் அமர்ந்திருக்கையில் கிண்ணம் மூன்றானால் என்ன நிகழும்? ஒருவர் காத்திருக்க வேண்டும். யார் காத்திருப்பது? ‘நீங்கள் எடுங்கள்’ என்று ஒருவர் மற்றவரை வேண்டுவார். அவர் முதியவரைக் காட்டுவார். முதியவர் வழிப்போக்கராய் வந்தவரைக் காட்டுவார். பருகியபின் கிண்ணங்கள் மீண்டும் கொதிநீரில் அலசப்பட்டு, காத்திருந்தவருக்கு முதலில் செல்லும். இன்னும் பத்துக் கிண்ணங்கள் வாங்கிவைக்க அம்மக்களுக்குப் பணம் இல்லாமலில்லை. வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறார்கள் என்றே நாம் கருதுகிறோம். குறைவு இருக்கும் இடத்தில்தான் விட்டுக்கொடுத்தலுக்கு இடமுண்டு. ஆளுக்கொரு குவளை நிரம்பி நிற்கும் மேசையில் யாரும் யாரையும் பார்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

இது நமக்கு அயலான பாடமா? திண்ணைத் தோழர்களின் பசியைப் போக்க ஒரு கிண்ணப் பாலை நபி (ஸல்) அவர்கள் வழங்கிய நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. கடும் பசியோடு இருந்த அபூஹுரைரா (ரலி) அவர்களின் கையிலேயே அக்கிண்ணம் கொடுக்கப்பட்டது. அவர் ஒவ்வொருவராகப் பருகக் கொடுத்து, திரும்பப் பெற்று, அடுத்தவருக்குக் கொடுத்தார். எல்லாரும் நிறைவடைந்தபின் அவரும் வயிறு நிறையப் பருகினார். அனைவருக்கும் பின்னரே அண்ணலார் பருகினார்கள். அந்தச் சபையிலும் பாத்திரம் ஒன்றே; காத்திருந்தவர்கள் பலர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இன்றும் நம் திருமண விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து உண்கிறோம். பக்கத்தில் இருப்பவரின் பக்கம் இறைச்சித் துண்டைத் தள்ளிவிடும் கை, சஹனில் வளர்ந்த கை. சாவோஜோவின் மூன்று கிண்ணங்களும் நம் சஹனும் ஒரே பாடத்தின் இரு பக்கங்கள்.

இரண்டாவது, ஊற்றும் முறை. கூசாவில் ஊறிய தேநீர் முழுதும் ஒரே திடமாய் இருப்பதில்லை. முதலில் வடிவது வெளுத்திருக்கும். கடைசியில் வடிவது கறுத்திருக்கும். ஒரு கிண்ணத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குச் சென்றால், ஒருவருக்கு வெந்நீரும் மற்றவருக்குக் கசப்பும் வாய்க்கும். எனவே சாவோஜோவில் கூசாவைத் தாழப் பிடித்து, மூன்று கிண்ணங்களின் மீதும் நிற்காமல் சுற்றிச் சுற்றி ஊற்றுகிறார்கள். இறுதியில் தங்கும் திடமான துளிகளையும் ஒருவர் கிண்ணத்தில் கவிழ்த்துவிடுவதில்லை. இதற்கொன்று, அதற்கொன்று என்று துளித்துளியாகப் பங்கிடுகிறார்கள். மூன்று கிண்ணத்திலும் அளவும் நிறமும் திடமும் ஒன்றாயிருக்க வேண்டும். செல்வருக்குத் திடமும் ஏழைக்கு வெளுப்பும் என்பது அங்கே ஊற்றுபவரின் கைக்கு இழுக்கு. நீதி என்பது காழியின் மன்றத்தில் மட்டும் இல்லை. ஊற்றும் கையிலும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட எளிய பாடம் வேறென்ன?

மூன்றாவது, ஊற்றுபவரின் இடம். அங்கே தேநீர் ஆக்குபவர் வீட்டின் தலைவர். அவர் பணியாளருக்குக் கட்டளையிட்டுவிட்டுச் சாய்ந்திருப்பதில்லை. தம் கையால் அலசி, தம் கையால் ஊற்றி, விருந்தினர் பருகியபின் தாம் பருகுகிறார். பேச்சு நீண்டுகொண்டிருக்கையில் புதிதாய் ஒருவர் வந்துவிட்டால், பழைய இலையைக் களைந்து புதிய இலை இடுவார். பிந்தி வந்தவருக்கு மிச்சம் கிடைக்கக்கூடாது என்பது நியதி.

பயணமொன்றில் நீர் அரிதாகிப் போன வேளையில், நபி (ஸல்) அவர்கள் ஊற்ற, அபூகதாதா (ரலி) அவர்கள் தோழர்களுக்குப் பருகக் கொடுத்தார்கள். இறுதியில் இவ்விருவரே எஞ்சினர். தாங்கள் பருகாமல் நான் பருகேன் என்று அவர் தயங்கியபோது, மக்களுக்குப் பருகக் கொடுப்பவரே கடைசியில் பருக வேண்டியவர் என்னும் கருத்தை அண்ணலார் உணர்த்தினார்கள். அவரைப் பருகவைத்தபின் தாமும் பருகினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. சமுதாயத்தின் தலைவரே ஊற்றுபவராகவும் இறுதியில் பருகுபவராகவும் இருந்த மார்க்கம் நம்முடையது. தேநீர்க் கூசாவைக் கையில் எடுப்பது குடும்பத் தலைவருக்குக் குறைவு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இப்போது நம் வீடுகளைப் பார்ப்போம். மாலையில் மகள் கல்லூரியிலிருந்து வருகிறாள், அவளுக்கொரு தேநீர். மஹ்ரிபுக்கு முன்பு வாப்பா வருகிறார், அவருக்கொன்று. மகன் தன் அறையில் கைப்பேசியோடு இருக்கிறான். அவனுக்கு அறைக்கே ஒன்று. பாட்டிக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்று. ஒரே வீட்டில் நான்கு பேருக்கு நான்கு வேளைகளில் நான்கு தேநீர். நான்கு முறையும் அடுப்படியில் நிற்பவர் உம்மா. அவருடைய தேநீர் எங்கோ ஒரு மூலையில் ஆறிக்கொண்டிருக்கிறது. விருந்தினர் வந்தாலும் இதுவே நிலை. கூடத்தில் பேச்சும் சிரிப்புமாய் இருக்கும். அப்பேச்சுக்குச் சூடேற்றிய கை மட்டும் சுவருக்கு அப்பால் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்.

தேநீருக்குக் குறைவில்லை, சபைதான் காணாமல் போய்விட்டது. அதை ஆக்கியவர் அச்சபையில் இல்லை என்பதே பெரிய இழப்பு. சாவோஜோவின் முறையில் அடுப்பே சபைக்கு வந்துவிடுகிறது. ஆக்குபவர் பேச்சின் நடுவில் இருக்கிறார். நீர் கொதிக்கும் வரை எல்லாரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில்தான் ‘உன் தேர்வு எப்படி நடந்தது?’ என்று ஒருவர் கேட்கிறார். ‘என் முழங்கால் வலிக்கிறது’ என்று ஒருவர் சொல்கிறார். வீட்டில் இருக்கும்போது அண்ணலார் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்வார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவித்தார்கள். வாரத்தில் ஒரு மாலையேனும் வாப்பா நீர் கொதிக்கவைத்து, உம்மாவுக்கு முதற்கிண்ணம் நீட்டுவது புதுமையன்று, சுன்னத்தின் நிழல்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நாம் அறிவோம். ‘மாற்றாரின் பண்பாட்டை நம் வீட்டிற்குள் கொண்டுவருவதா?’ என்பது முதலாவது. இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. சுற்றி ஊற்றும் அம்முறைக்குச் சீனர்கள் வைத்திருக்கும் பெயரில், அவர்கள் தெய்வமாக வணங்கும் ஒரு படைத்தலைவரின் பெயர் வருகிறது. அவர்களுள் பலர் முன்னோர் வழிபாட்டிலும் தேநீர் படைக்கிறார்கள். அவற்றில் நமக்குப் பங்கில்லை. ஆனால் சமமாக ஊற்றுவதும் விருந்தினரை முற்படுத்துவதும் எந்தச் சமயத்தின் தனிச்சொத்தும் அல்ல. மக்களைச் சமூகங்களாகவும் குலங்களாகவும் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று ஹுஜுராத் அத்தியாயம் உணர்த்துகிறது. அறிதல் என்பதில், பிறரிடம் உள்ள நன்மையை நன்மை என்று ஒப்புக்கொள்வதும் அடங்கும்.

இக்கேள்விக்குச் சீனத்து முஸ்லிம்களே வாழும் விடையாக இருக்கிறார்கள். வடமேற்கே நிங்ஷியாவிலும், கான்சு மாநிலத்தின் லான்ஜோ, லின்ஷியா நகரங்களிலும் வாழும் ஹுய் முஸ்லிம்களின் வீடுகளில் மூடி, கிண்ணம், அடித்தட்டு என்னும் மூன்று பகுதிகளுடைய பாத்திரத்தில் தேநீர் வழங்கப்படுகிறது. தேயிலையோடு கற்கண்டு, உலர்ந்த இலந்தை, உலர்திராட்சை, லோங்கன் பழம், எள், அக்ரூட் பருப்பு முதலியன சேரும். விருந்தினரின் கண்முன்னே மூடியைத் திறந்து, பொருள்களை இட்டு, கொதிநீர் ஊற்றி, இரு கைகளாலும் நீட்டுவது அவர்கள் வழக்கம். மேலே மிதக்கும் இலையை வாயால் ஊதி விலக்குவதில்லை. மூடியின் விளிம்பால் மெல்லத் தள்ளிவிட்டுப் பருகுகிறார்கள். பருகும் பாத்திரத்தில் மூச்சு விடுவதையும் ஊதுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை அறிந்த நமக்கு அந்த மூடியின் அசைவு எவ்வளவு நெருக்கமாகத் தோன்றுகிறது! பாத்திரம் சீனத்தது; ஒழுக்கம் நம்முடையது. இரண்டும் ஒரே கையில் அமைதியாகப் பொருந்தியிருக்கின்றன.

நம் மார்க்கத்தின் ஒழுங்கு அம்முறையோடு வேறுபடும் இடமும் உண்டு. சாவோஜோவில் முதற்கிண்ணம் வயதில் மூத்தவருக்கு. நமக்கோ வலப்பக்கம் முதலில். அண்ணலாரின் வலப்புறம் ஒரு சிறுவரும் இடப்புறம் முதியவர்களும் அமர்ந்திருந்தபோது, முதியவர்களுக்குக் கொடுக்க அச்சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். தம் பங்கை விட்டுத்தர அவர் விரும்பாததால் அவரிடமே கொடுத்தார்கள் என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கிறார்கள். முதியோரை மதிப்பது நம் கடமை. சிறுவரின் உரிமையை அவரைக் கேளாமல் எடுக்கலாகாது என்பதும் நம் பாடம். எனவே நம் வீட்டுத் தட்டு வலப்பக்கமாகவே சுற்றட்டும். பிள்ளைகள் தாமாக விட்டுக்கொடுக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

‘நேரம் எங்கே இருக்கிறது?’ என்பது இரண்டாவது மறுப்பு. அரைமணி நேரம் போதும். அஸருக்கும் மஹ்ரிபுக்கும் இடைப்பட்ட வேளை இதற்கு ஏற்றது. இஷாவுக்குப் பிந்திய வீண்பேச்சை அண்ணலார் விரும்பவில்லை. இரவுத் தேநீர் உறக்கத்தைக் கெடுத்து ஃபஜ்ரையும் கெடுக்கும். விருந்தினராகச் செல்வோருக்கும் ஓர் ஒழுங்குண்டு. உண்டு முடித்தபின் பேச்சில் ஆழ்ந்து வீட்டாருக்குத் தொல்லையாக அமர்ந்திருப்பதை அஹ்ஸாப் அத்தியாயம் கண்டிக்கிறது. இலையின் சுவை தேயத் தொடங்கும்போது எழுந்துவிடுவது நல்ல விருந்தினரின் அடையாளம்.

மூன்றாவது மறுப்பே கனமானது. நாலு பேர் அமர்ந்தால் புறம்பேசல் தொடங்கிவிடும் என்பார்கள். உண்மைதான். தேநீர் நாவைக் கட்டிவைக்காது. ஆயினும் புறம்பேசலுக்கு அஞ்சிச் சபையையே கலைத்துவிட்டால் எஞ்சுவது தனித்தனி அறைகளும் தனித்தனித் திரைகளும் அல்லவா? அத்திரைகளில் புறம்பேசல் குறைந்துவிட்டதா? சபையைக் கலைப்பதைவிட அதைத் தூய்மையாக்குவது மேல். கூடிக் கலையும்போது ஓதுவதற்கென்று அண்ணலார் கற்றுத்தந்த துஆவை வீட்டின் இளையவர் ஓத, மற்றவர்கள் ஆமீன் கூறட்டும். பேச்சு தடம் மாறும்போது, ஊற்றுபவர் அடுத்த சுற்றைத் தொடங்கிப் பேச்சையும் திருப்பிவிடலாம்.

சபையின் ஆற்றல் பேச்சோடு முடிவதில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிச்சுவான் மாநிலத்தின் செங்டு நகரில், வழக்கு மன்றத்திற்குச் செல்லாமல் தேநீர்க் கடையில் அமர்ந்தே மக்கள் தகராறுகளைத் தீர்த்துக்கொண்டார்கள். ஊர் மதிக்கும் ஒருவர் நடுவில் இருப்பார். இரு தரப்பும் தத்தம் நியாயத்தைச் சொல்லும். தவறு யார் பக்கம் என்று முடிவாகிறதோ அவர் எல்லாருடைய தேநீருக்கும் காசு கொடுப்பார். பாகப்பிரிவினையால் பேச்சற்றுப்போன சகோதரர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! முஃமின்கள் சகோதரர்கள், அவர்களிடையே இணக்கம் செய்யுங்கள் என்பது இறைக்கட்டளையின் சாரம். காகிதங்களை விரிக்கும் முன்பு, ஒரு பெரியவர் தம் வீட்டில் மூன்று கிண்ணங்களை வைத்து இருவரையும் அழைத்துப் பார்க்கட்டும்.

இதற்காகச் சீனத்து மண்கூசாவும் விலையுயர்ந்த இலையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். அது வீண்விரயம், படம் பிடித்து ஊருக்குக் காட்டத் தொடங்கினால் பெருமையடித்தலும் ஆகும். வீட்டில் உள்ள கெண்டி போதும். இஞ்சி தட்டிப்போட்ட சாயமோ சுலைமானியோ போதும். இருப்பவர்களைவிட ஒரு கிண்ணம் குறைவாக வையுங்கள். கைப்பேசிகளை வேறு அறையில் விட்டுவிடுங்கள். நீரை அனைவர் முன்னும் கொதிக்கவையுங்கள். சுற்றிச் சுற்றிச் சமமாக ஊற்றுங்கள். ஊற்றியவர் கடைசியில் பருகட்டும். இந்த வாரம் வாப்பா ஊற்றினால் அடுத்த வாரம் மகன் ஊற்றட்டும். பெண் விருந்தினர் வந்தால் அவர்களுடைய சபைக்கும் அடுப்பு செல்லட்டும். உம்மா அவர்களோடு அமரட்டும்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் அறிமுகமற்ற விருந்தினருக்கு ஓசையின்றிச் சென்று உணவு கொணர்ந்து, தம் கையாலேயே அவர்கள் அருகில் வைத்ததை இறைவன் தன் திருமறையில் நிலைநிறுத்தியிருக்கிறான். அருகில் வைப்பதும் அருகில் அமர்வதும் சேர்ந்ததே விருந்தோம்பல். வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கெண்டி கொதிக்கட்டும், இன்ஷா அல்லாஹ். அடுப்படியில் நிற்பவரை முதலில் அழைத்து அமரவையுங்கள்.